மருத்துவமனையின் நான்காவது கம்பி

நான் வேலை பார்க்கும் சூரமங்கலம் மருத்துவமனையின் மின்பெட்டியில் கருகல் வாடை வந்தது. பார்க்க வந்த பொறியாளர் அம்மா நெடுநெடுவென்று இருந்தார். எந்தச் சுவரைக் கடந்தாலும் சூடு தெரிகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

பெட்டியைத் திறந்து அளந்ததும் அவர் முகம் மாறியது.

“மூணு பேஸ் கம்பியிலயும் கரண்டு சமமாத்தானுங்க இருக்குது?” என்றேன்.

“சமமா இருந்தா நாலாவது கம்பியான நியூட்ரல்ல மூணும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கோணுமுங்க. ஆனா கம்ப்யூட்டரும் எல்இடி லைட்டும் கரண்டை விட்டுவிட்டு இழுக்குதுங்க. அதுல ஒரு பங்கு கழியாம, மூணும் அங்க ஒண்ணாக் கூடிருது. கம்பி தாங்காதுங்க.”

“எப்ப எரியுமுங்க?” என்று கேட்டார் கூட நின்றிருந்த பெரிய டாக்டர்.

“கணக்கு அதைச் சொல்லாதுங்க. மேல குழந்தைங்க வார்டு இருக்குது. கம்பியை மாத்தற வரைக்கும் பாதி லைட்டை அணைச்சிருங்க.”

டாக்டர் தயங்கினார். அவர் சம்மதிக்கும்வரை அந்த அம்மா பெட்டியை விட்டு நகரவில்லை.

மறுவாரம் கம்பியை உருவியபோது அதன் உறை கருகிப் பொடியாக உதிர்ந்தது. அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன்.

“பக்கத்துக் கட்டடத்துல எத்தனை கம்ப்யூட்டருங்க?” என்றார்.

இப்போதெல்லாம் பளிச்சென்று விளக்கெரியும் கட்டடங்களைப் பார்த்தால் எனக்கே நிம்மதியில்லை. அந்த அம்மா எப்படித் தூங்குகிறாரோ!