கையெழுத்துக்கு மேல் ஏழு எழுத்து

இந்தப் பனாமாவில் கட்டட வேலைக் காகிதத்தில் யாரும் ஒரு சொல்லை முழுதாக எழுதுவதில்லை. எம்.எல். என்றால் நீளத்தில் ஒரு மீட்டர். எச்.ஏ. என்றால் கம்பி வைத்த கான்கிரீட். என் வீட்டுக்காரர் கொத்தனார்; ஸ்பானிய மொழியில் பேசுவார், வாசிக்கத் தெரியாது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்து, இங்கே வந்து ஸ்பானிய மொழியையும் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய நான்தான் அவருக்குக் கண். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இங்கே பெரிய மனிதரைத் தோன் என்பார்கள், நம் ஊர் ஐயா மாதிரி. தோன் அன்செல்மோ என்பவர் தம் வீட்டு மதில் வேலையை இவருக்குக் கொடுத்துக் கடிதம் எழுதியிருந்தார். கூலியாளாக வந்தவர் சொந்தமாக எடுக்கும் முதல் வேலை. கெட்டால் மறுபடி அடுத்தவன் சாரத்தில்தான் ஏற வேண்டும். கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டேன். கையெழுத்துக்கு மேலே எஸ்.எஸ்.எஸ்., க்யூ.பி.எஸ்.எம். என்று ஏழு எழுத்து நின்றது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளி ஆங்கிலத்தை வைத்து உடைத்தேன்.

"எஸ்.னா சேண்ட், மணல். மூணு எஸ்., மூணு வண்டி. க்யூ. க்விக்லைம், சுண்ணாம்பு. பி. பிரிக், செங்கல். அடுத்த எஸ். ஸ்டோன், கல்லு."

"கடைசி எழுத்து?"

"எம். மேசன். அது நீங்கதான்."

"என்னையும் சாமானோட சேத்துட்டானா? ஏளா, சின்ன மதிலுக்கு மூணு வண்டி மணலு எதுக்குளா?"

"படிச்சது நானா, நீங்களா?"

திங்கட்கிழமை மூன்று வண்டி மணலும் தோன் வீட்டு வாசலில் இறங்கின. அவருடைய குதிரை வண்டி வெளியே வர வழியில்லை. யார் கேட்டது என்றார். நான் கடிதத்தை நீட்டி அந்த எழுத்துகளைத் தொட்டுக் காட்டினேன். அவர் மணலைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். இவருடைய வலது கையைப் பிடித்து அதன்மேல் குனிந்தார். இவர் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏளா, கடிக்க வாராம்ளா."

அந்த ஏழும் ஸ்பானியச் சொற்களின் முதலெழுத்து என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தோன் விளக்கினார். 'தங்கள் உறுதியான ஊழியன், தங்கள் கையை முத்தமிடுபவன்.' இங்கே மரியாதையான கடிதமெல்லாம் அப்படித்தான் முடியுமாம். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவரோ சிரித்துவிட்டு, மிஞ்சும் மணலைத் தோட்டப் பாதையில் பரப்பச் சொன்னார். இனிக் கடிதம் எனக்கே வரும், புரியாவிட்டால் கேட்க வேண்டும் என்றார்.

அடுத்த கடிதத்தில் கடைசி எழுத்து எம். இல்லை, பி. இந்த முறை போய்க் கேட்டேன். பெண்களுக்கு எழுதினால் முத்தம் பாதத்துக்காம்.

எனக்கு அம்மையின் பாதம் நினைவுக்கு வந்தது. அவள் தச்சநல்லூரில் வீடு வீடாகச் சாந்துச் சட்டி சுமந்த சித்தாள். சுண்ணாம்பு அரித்து வெடித்த பாதம். "ஏட்டி, பைய ஏறு, சிந்தாத" என்பதுதான் வீடு கட்டியவர்கள் அவளிடம் காட்டிய மரியாதை. கப்பலுக்குப் புறப்பட்ட அன்று நான் குனிந்து தொட்டதும் அந்தப் பாதத்தைத்தான்.

நேற்று அவளுக்கு எழுதிய கடிதத்தை க்யூ.பி.எஸ்.பி. என்று முடித்தேன். உன் காலை முத்தமிடுகிறேன் என்று தமிழில் எழுத வெட்கமாக இருந்தது. இந்த ஊர் எழுத்தில் வெட்கமில்லை. அதை அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறவர் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். தெரியாது என்று சொல்ல அவருக்கும் வாய் வராது. என்னைப் போலவே ஆங்கிலத்தில் உடைத்து, சுண்ணாம்பு, செங்கல், கல் என்று வாசிப்பார். மகள் அனுப்பிய சுமை வருகிறதென்று அம்மை தலைக்குச் சும்மாடு தேடி எழுந்துவிடுவாள்.