மோடத்தைப் பிடுங்கும் ஊர்

ஜொவிட்டாவுக்கு அச்சப்படுவதே தொழில். தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்புறத் தெருவில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவர் வேலை செய்கிறார். ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை மற்றவர்கள் எழுதுவார்கள். அதை எவ்வளவு விரைவாக, எவ்வளவு நம்பகமாக, எத்தகைய இடர்ப்பாட்டிலும் தவறாமல் செய்ய வேண்டும் என்பதை வரையறுப்பவர் ஜொவிட்டா. ‘வேகமாக’, ‘எப்போதும்’ போன்ற சொற்களைக் கண்டால் அடித்துவிடுவார். அளக்க முடியாததை உறுதியளிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

தனியாக வாழும் முதியவர்களுக்கான அவசர அழைப்புச் சேவைக்கும் அவரே நிபந்தனைகளை எழுதினார். முதியவர் மணிக்கட்டில் ஒரு பொத்தான். வீட்டில் ஒரு சிறு பெட்டி. பொத்தானை அழுத்தினால் செய்தி பெட்டி வழியாக, வீட்டு இணையத்தில் ஏறி, நிறுவனத்திலேயே உள்ள மையத்துக்கு வரும். வந்த முப்பது நொடிக்குள் மையத்திலிருந்து ஒருவர் பெட்டி வழியாகப் பேச வேண்டும். மின்வெட்டையும் அவர் மறக்கவில்லை. பெட்டிக்குள் பேட்டரி வைக்கச் சொன்னார்; மோடம் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். ஒரு வீட்டின் இணைப்பு அறுந்தால் மறுநாள் அலுவல் நேரத்தில் விசாரித்தால் போதும் என்றும் எழுதினார். சாந்தோமில் தனியாக இருந்த தம் தந்தை பவுல்சாமிக்கே முதல் பெட்டியைப் பொருத்தினார்.

ஐப்பசி மாதத்து மதியம் ஒன்றில் கடல் பக்கமிருந்து இடி முழங்கத் தொடங்கியது. மையத்தின் திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு பச்சைப் புள்ளி. மயிலாப்பூர்ப் பகுதியில் ஒரு புள்ளி சாம்பல் நிறமாயிற்று, பிறகு இன்னொன்று, பிறகு அடுத்தடுத்துப் பல.

“மயிலாப்பூர் மட்டும் மத்தியானத் தூக்கம் போடுது போல, மேடம்” என்று சிரித்தாள், திரையைக் கவனிக்கும் அஃப்ரா.

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கேபிள் அறுந்திருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் போயிருக்கும். இவை ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை இதைச் செய்துகொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இடி இடித்தால் மோடத்தைப் பிடுங்குவது இந்த ஊரின் வழக்கம். மின்னல் கம்பி வழியாக வந்து எல்லாவற்றையும் எரித்துவிடும் என்ற பயம். பவுல்சாமியும் அப்படித்தான். சாந்தோம் புள்ளியும் சாம்பலாகியிருந்தது.

கைப்பேசியில் அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தார். எடுக்கவில்லை.

மேலாளர் ரகுபதி எட்டிப் பார்த்தார். “என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு? உங்கப்பா வயரைப் புடுங்கியிருப்பாரு, அவ்ளோதான். எங்க வீட்லயும் இதே கதைதான்.”

“போனும் எடுக்கல சார்.”

“இடி இடிக்கும்போது எந்தப் பெரியவர் போன் எடுப்பாரு?”

“அதான் சார் பயமா இருக்கு. நல்லா உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். விழுந்து கெடந்தாலும் இப்படித்தான் தெரியும்.”

ஜொவிட்டா குடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார்.

ஆட்டோக்காரர் தயங்கினார். “லஸ் கார்னராண்ட முட்டி வரைக்கும் தண்ணி நிக்குதும்மா. இது ஆட்டோவா படகான்னு எனக்கே டவுட்டா கீது.”

“எப்படியாவது விடுங்கண்ணா. அப்பா தனியா இருக்காரு.”

“அத்த மொதல்ல சொல்லக் கூடாதா? புடிச்சுக்கினு குந்து.”

வழி நெடுக ஜொவிட்டா தந்தையின் கைப்பேசிக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். ஜெபமாலையின் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினார். பாதியில் சொற்கள் மறந்துபோயின.

தம்மிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். மேசைமேல் பெட்டி விடாமல் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த மோடத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதன் அருகே பவுல்சாமி, ஒரு கால் திரும்பிய நிலையில், தரையில் கிடந்தார். பிடுங்கிய வயர் இன்னும் அவர் கையில் இருந்தது.

“டாடி!”

அவர் கண்களைத் திறந்தார். “அழுத்திட்டே இருந்தேம்மா. யாருமே பேசல.” சற்று மூச்சு வாங்கினார். “வயரை நாந்தான் புடுங்கினேன்னு தெரியும். போகாதுன்னும் தெரியும். இருந்தாலும் அழுத்தினேன்.”

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் கண் விழித்த மறுநாள் ஜொவிட்டா அலுவலகம் வந்து, தாம் எழுதிய நிபந்தனைகளைத் திறந்தார். முப்பது நொடி என்பது, செய்தி மையத்தை வந்தடைந்த பிறகு தொடங்கும் கணக்கு. அழுத்தும் விரலிலிருந்து அது தொடங்கவில்லை. வராத செய்திக்குக் கணக்கே இல்லை. அவர் புதிதாக எழுதினார்: பொத்தானை அழுத்திய கணத்திலிருந்தே நேரம் எண்ணப்பட வேண்டும், மோடம் பிடுங்கப்பட்ட வீட்டிலும் அது பொருந்த வேண்டும், பெட்டிக்குள் தனி சிம் இருக்க வேண்டும், மோடத்தைப் பிடுங்கிவிட்டே சோதிக்க வேண்டும்.

“எல்லாப் பெட்டியையும் மாத்தணுமே” என்றார் ரகுபதி. “மாத்தி முடிக்கிறதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சிடும்மா.”

“அதுவரைக்கும் புள்ளி சாம்பலானா அந்த வீட்டுக்கு ஒரு ஆள் போகணும். அதையும் எழுதியிருக்கேன்.”

“ஒவ்வொரு இடிக்குமா?”

“ஒவ்வொரு இடிக்கும். இல்லைன்னா இந்தச் சேவை ஓடுறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

ரகுபதி ஜன்னலைப் பார்த்தார். வானம் மறுபடியும் இருண்டுகொண்டிருந்தது. அவர் பேனாவை எடுத்து ஒப்புதல் தந்தார்.

மை காய்வதற்குள் தொலைவில் இடித்தது. திரையில் மந்தைவெளிப் பக்கம் ஒரு புள்ளி நிறம் மாறியது. அங்கே சுலோச்சனா என்ற ஓய்வுபெற்ற செவிலியர் தனியாக இருக்கிறார். அவர் நாற்காலியில் ஏறுகிறாரா, இறங்கிவிட்டாரா, விழுந்துவிட்டாரா, யாருக்கும் தெரியாது. ஜொவிட்டா திரும்பிப் பார்த்தபோது அஃப்ரா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் இன்னும் இரண்டு புள்ளிகள் சாம்பலாகிவிட்டிருந்தன. ஜொவிட்டா ரகுபதியின் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கினார்.