டேஷ்போர்டு மங்கிய நாள்

பைக்காராவுக்கு முந்தைய வளைவில், காலை பத்து மணிக்கு, வண்டியின் டேஷ்போர்டு எங்கள் கண்முன்னே மங்கிப்போனது. மூடுபனி சாலையை மறைத்திருந்தது. எதிரே வரும் பேருந்துகளுக்குத் தெரியட்டும் என்று டிரைவர் அண்ணன் ஹெட்லைட்டைப் போட்ட நொடியில், வேகம், டீசல், என்ஜின் சூடு எல்லாமே படிக்க முடியாதபடி மங்கிவிட்டன. நான் அப்போது நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மருந்தகத்தில் நர்ஸ். பின்சீட்டில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தலைப்பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஊட்டி ஆஸ்பத்திரி இன்னும் தொலைவில் இருந்தது.

வேகமும் டீசலும் தெரியாவிட்டால் சமாளிக்கலாம். ஆனால் அந்த வண்டியின் ரேடியேட்டர் முந்தின வாரம்தான் ஒழுகி, அடைத்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. சூடு ஏறுவதைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் வழியிலேயே நின்றுவிடும். அண்ணன் டேஷ்போர்டின் வெளிச்சம் கூட்டும் திருகைத் திருகிப் பார்த்தார், பயனில்லை. ஹெட்லைட்டை ஒரு கணம் அணைத்தார். டேஷ்போர்டு பளிச்சென்று வந்தது. கூடவே பனிக்குள்ளிருந்து ஒரு பேருந்தின் ஹாரன், மிக அருகில். உடனே விளக்கைப் போட்டவர் மறுபடி அணைக்கவில்லை. “சிஸ்டர், கையக் குவிச்சு மறைச்சுட்டு அந்தச் சூட்டுக் கோட்ட மட்டும் பாத்துச் சொல்லிட்டே வாங்க,” என்றார். ஐந்து கோடு, ஆறு கோடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழு என்றதும் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தார். பின்னால் அந்தப் பெண் அலறினாள். “எடுங்கண்ணா!” என்று நானும் கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூடு தணியும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றிய பிறகே கிளப்பினார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கால்மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் எஸ்டேட் ஷெட்டில் அண்ணன் ஃப்யூஸ்களைக் கழற்றிப் பார்த்தார், வயர்களை அசைத்துப் பார்த்தார். எதிலும் பழுதில்லை. உச்சி வெயிலில் ஹெட்லைட்டைப் போட்டார். அப்போதும் டேஷ்போர்டு மங்கியது. “இத்தன வெயில்லயும் வண்டி இருட்டுன்னு நெனச்சுக்குதுங்க. வெளிச்சம் பாக்கற சென்சார எதுவோ மூடியிருக்கு,” என்றார். கண்ணாடியை ஒட்டி டேஷ்போர்டின் மேல் விரித்திருந்த பச்சைத் துணியைத் தூக்கினார். அடியில் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ். துணியை எடுத்தால் எழுத்துகள் ஒளிர்ந்தன, வைத்தால் மங்கின. என் பிரஷர் கருவி வழுக்கி விழாமலிருக்க, நான்கு நாள் முன்பு நான் விரித்த துணி அது. அந்த நான்கு நாளும் நல்ல வெயில். ஹெட்லைட் போட வேண்டிய தேவையே வரவில்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். “யாரு வச்சது இத? ஒரு உசிரு போயிருந்தா?” அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “என் வண்டிங்க. நாந்தான் பாத்திருக்கோணும்,” என்றார். அன்றே அவரைக் கொழுந்து லாரிக்கு மாற்றினார்கள்.

மூன்று நாள் மேனேஜர் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் விடவில்லை. நான்காம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். என்னைக் கடுமையாகத் திட்டினார், வேலை தப்பியது. அண்ணன் பழைய வண்டிக்கே திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போனபோது, “நாலு நாளாச்சுங்களா சிஸ்டர், இதச் சொல்றதுக்கு?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

இப்போது குன்னூரில் ஒரு வார்டு என் பொறுப்பில் இருக்கிறது. தவறு செய்த இளம் நர்ஸ்கள் தலைகுனிந்து நிற்கும்போது அண்ணன் நினைவு வருகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பின் இரண்டு வருடம் அவரோடு எத்தனையோ நோயாளிகளை ஏற்றிப் போனேன். கிளம்புமுன் ஒவ்வொரு முறையும் டேஷ்போர்டின் மேல் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார். என்னை நம்பாமல் அல்ல, பழக்கத்தால்தான் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.