ஒட்டாவா பிரதர்ஸின் ஒரே கேசட்

போன மாதம் சுங்கை பட்டாணியில் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாகக் கூரையைப் பார்த்துக் கிடந்த நேரத்தில், டாக்டரின் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டு வந்தது. முதலில் மின்பியானோ, அப்புறம் கொஞ்சம் கரகரத்த ஒரு பெண்குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு சிரிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளாமலே இருங்கள். கண்ணில் தண்ணீர் வேறு கொட்டியது. "சாக்கிட்கா, மக்சிக்?" என்று டாக்டரான அந்த மலாய்க்காரப் பெண் பதறிப்போய், வலிக்கிறது என்று அவளே முடிவு செய்து, இன்னொரு ஊசியையும் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் பாதி முகம் என்னிடம் இல்லை.

அங்கே அடித்த ஸ்பிரிட் வாசனையும் சிரிப்புக்குக் காரணம். எழுபதுகளின் கடைசியில் நான் அலோர் ஸ்டாரில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தேன். கடை திறந்ததும் முதல் வேலை, துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தட்டுகளைத் துடைப்பது. குருண் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து போவேன். என் மேல் அடித்த வாசனையை வைத்துப் பக்கத்து வீட்டு அக்கா, நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போவதாகத் தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கேட்க நன்றாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆட்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் சிரமமாகிவிட்டது.

கடை முதலாளியை எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடுவோம். சீனர், ஆனால் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், நம் தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். இருபது வருஷம் பாட்டு விற்றவருக்குப் பாட்டு என்றால் என்னவென்று தெரியாது. அட்டையைப் பார்த்துத்தான் சரக்கு எடுப்பார். இங்கிலீஷ் தட்டில் அவருக்கு ஒரே கணக்கு: அட்டையில் தாடி இருந்தால் விற்கும், தாடி இல்லாவிட்டால் விற்காது. சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அந்தத் தாடிக் கூட்டத்தில் ஒரு குழு எங்கள் ஊர்ப் பையன்களுக்குச் சாமி மாதிரி. மூன்று ஆண்கள், ஒரு பெண். கித்தாரும் மௌத் ஆர்கனுமாக ரயில், சண்டை, சுரங்கத் தொழிலாளி, ஆற்றில் போன படகு என்று பாடுவார்கள். அந்தச் சாமிக்குப் பூசாரி அந்தோணி அண்ணன். அரசாங்க ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் பாடாங் மேஹா. அப்பா அங்கே தோட்ட ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். அண்ணன் மட்டும் சனிக்கிழமை தவறாமல் எங்கள் கடைக்கு வருவார். தோள் வரைக்கும் முடி, இடுப்புக்குக் கீழே அகலமாக விரிகிற கால்சட்டை. இரண்டு சிநேகிதர்களோடு கல்லாவில் சாய்ந்துகொண்டு, எந்தப் பாட்டு பாட்டு, எந்தப் பாட்டு பாட்டே இல்லை என்று தீர்ப்புச் சொல்வார். நான் ஏதாவது சொன்னால், "தங்கச்சி, இது ஆம்பளைங்க சமாச்சாரம்லா. நீ துடைக்கிற வேலையப் பாரு" என்பார். நான் துடைப்பேன். துடைத்துக்கொண்டே மனசுக்குள் பதில் சொல்வேன்.

அந்தக் குழுவின் புதிய தட்டு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெட்டியைப் பிரித்த தவுக்கே, "ஐயோ" என்றார். அட்டையில் நால்வரும் வெள்ளைக் கால்சட்டையில் கடற்கரையில் நிற்கிறார்கள். ஆண்களில் ஒருவருக்கும் தாடி இல்லை. வெயிலில் பளபளக்கும் முகவாய்கள், உரித்த முட்டை மாதிரி.

அந்தோணி அண்ணன் முதல் பாட்டைப் பாதிகூடக் கேட்கவில்லை. கித்தார் இருந்த இடத்தில் மின்பியானோ, பின்னால் வயலின் கூட்டம். முகம் கறுத்துவிட்டது. "வித்துட்டானுங்க. ஐஸ் கச்சாங் மாதிரி ஆயிட்டானுங்க. மேல சிரப்பு, உள்ள தண்ணி. எடுத்து வைலா இத." சிநேகிதர்களும் தலையை ஆட்டினார்கள். பூசாரி சொன்ன பிறகு யார் வாங்குவார்கள்? அந்தத் தட்டுகள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயின. தவுக்கே என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தாடி இல்ல, சொன்னேன்தானே?" என்பார், நான்தான் அவர்களுக்குச் சவரம் செய்துவிட்ட மாதிரி.

மத்தியானத்தில் தவுக்கே கல்லாவில் கண்ணயர்ந்திருப்பார், கடையில் ஈ காக்கை இருக்காது. அப்போது அந்தத் தட்டைப் போட்டுக் கேட்பேன். முதல் பக்கம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அண்ணன் சொன்னதுபோல ஐஸ் கச்சாங்தான். அடுத்த பக்கம் அப்படியில்லை. அதுவரை பின்னால் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் முன்னால் வந்து பாடியிருந்தாள். ரயிலும் சண்டையும் போய்விட்டன. வாடகை வீடு, தூங்காத குழந்தை, தலையில் முதல் நரை இதெல்லாம்தான் பாட்டு. ஒரு பாட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் விருந்து முடிந்து, சண்டை போட்டுக்கொண்டு, மோட்டார் காடியில் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. வீடு வந்த பிறகும் யாரும் இறங்குவதில்லை. அந்த இடத்தில் மௌத் ஆர்கன் ஒரு சின்ன மூச்சு விடும். என் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கே அது புரிந்தது. எங்கள் லயத்தில் சுவருக்குச் சுவர் கேட்டுக்கொண்டிருந்த மௌனம் அது.

இதை அண்ணனிடம் சொன்னால் துடைக்கப் போகச் சொல்வார். அதனால் ஒரு காரியம் செய்தேன். அந்தத் தட்டின் இரண்டாவது பக்கத்தை மட்டும் ஒரு வெற்றுக் கேசட்டில் பதிந்தேன். சனிக்கிழமை அவர் வந்ததும், "அண்ணே, கனடாவிலேர்ந்து ஒரு புது குரூப். ஒருத்தரும் கேட்டதில்ல" என்று நீட்டினேன்.

"பேரு?"

பேரை யோசிக்க மறந்திருந்தேன். கனடாவில் எனக்குத் தெரிந்தது பூகோளப் பாடத்தில் படித்த தலைநகரம் ஒன்றுதான். "ஒட்டாவா பிரதர்ஸ்."

கடை ஒலிபெருக்கியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திடீரென்று ஒரு கண்ணைத் திறந்தார். "பிரதர்ஸ்ங்கிற, பொம்பள பாடுது?"

"தங்கச்சிண்ணே. கூடப் பொறந்தவ."

திருப்தியாகிக் கண்ணை மூடிக்கொண்டார். மௌத் ஆர்கன் வந்தபோது மட்டும், "நம்ம ஆளு மாதிரியே ஊதுறான். காப்பி அடிச்சாலும் நல்லா அடிச்சிருக்கான்" என்றார். நான் குனிந்து ஸ்பிரிட் புட்டியைத் தேடினேன். புட்டி என் கையிலேயே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த மாதம் அவர் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. அதில் தானும் சிநேகிதர்களும் பாட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. அப்பா கிராணி ஐயாவுக்குச் சினிமாப் பாட்டுக் கச்சேரிதான் வேண்டும். அதற்கு முந்தின கிறிஸ்மஸில் இவர்கள் தோட்டத்து மண்டபத்தில் சுரங்கப் பாட்டுப் பாடியபோது, இரண்டாவது பாட்டுக்குள் சனங்கள் கலைந்து, முன்வரிசையில் ஒரு நாய் மட்டும் மிச்சமிருந்ததாம். "இந்தத் தடவையும் ஜனங்க எழுந்து போனா, கித்தார வித்துட்டு முடிய வெட்டிருவேன். சம்மதமா?" என்றாராம் அப்பா. அண்ணன் சம்மதித்துவிட்டார். கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். "கவலயில்ல தங்கச்சி. ஒட்டாவா பிரதர்ஸ் இருக்கானுங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் அதற்குள் தான் பாடப்போகிற பாட்டின் கதையை எனக்கே விளக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் காடி, அந்த மௌனம், அந்த மூச்சு. நான் மத்தியானங்களில் தனியாகக் கேட்டதையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் கேட்டிருந்தார். எப்படிச் சொல்வது?

கல்யாணத்துக்குத் தவுக்கேயின் காடியில் நானும் போனேன். நல்ல வாடிக்கைக்காரர் வீட்டு விசேஷம் என்று தவுக்கே புதுச்சட்டை போட்டிருந்தார். மண்டபத்தில் கோழிக்கறி வாசனை. மேடையில் அண்ணன் மைக்கைப் பிடித்தார். முதல் இங்கிலீஷ் வார்த்தைக்கே பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்தினார். கித்தாரை மெல்ல மீட்டிக்கொண்டே தமிழில் பேச ஆரம்பித்தார்.

"இது ஒரு புருஷன் பெண்டாட்டி கதைங்க. விருந்துக்குப் போய்ட்டு சண்ட போட்டுக்கிட்டு வீட்டுக்கு வர்றாங்க. ரெண்டு பேருக்கும் மன்னிப்பு கேக்க ஆச. யாரு மொதல்ல கேக்கறதுன்னு தெரியல."

"நம்ம வீட்டுக் கததான்லா!" என்று ஒரு குரல் வந்தது. மண்டபம் சிரித்தது. நகர்ந்த நாற்காலிகள் நின்றன.

அவர் பாடினார். பெண் குரலில் இருந்ததைத் தன் தாழ்ந்த குரலில், அலட்டாமல் பாடினார். வார்த்தை யாருக்கும் புரிந்திருக்காது. கதை புரிந்திருந்தது. கிராணி ஐயாவும் அவர் சம்சாரமும் பந்தி விஷயமாகக் காலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்ததை மண்டபமே அறியும். மௌத் ஆர்கன் அந்த மூச்சை விட்டபோது ஐயா எழுந்தார். போச்சு, அப்பாவே எழுந்து போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு கிளாஸ் சர்பத்தை எடுத்துக்கொண்டு எதிர் மூலைக்கு நடந்தார். அம்மா வாங்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

கைதட்டல் அடங்கியதும் அண்ணன் மைக்கில் சொன்னார். "இது கனடாக்காரங்க பாட்டுங்க. தாடிய எடுத்துட்டு மானத்தையும் வித்த கூட்டமில்ல. இவங்க உண்மையான கலைஞர்கள்."

என் பக்கத்திலிருந்து தவுக்கே சந்தோஷத்தில் துள்ளி எழுந்தார். "அந்தோணி! இது நம்ம கட பாட்டு! தாடி இல்லாத பாட்டு! அடித்தட்டுல இருக்கே, அதான்! நாளைக்கு எல்லாம் வித்துரலாம்!"

மண்டபத்தில் யாருக்கும் அது ஒன்றும் புரியவில்லை, நல்லவேளை. மேடையில் இருந்த மூவருக்குப் புரிந்தது. அண்ணனின் காதுமடல் சிவந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பந்தியில் நான் இலையைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. அண்ணன் எதிரில் வந்து நின்றார். "ஏன் தங்கச்சி, ஒட்டாவாவுல ஒரு சவர பிளேடுகூடக் கெடைக்காதுன்னுல்ல நெனச்சேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. கடை செத்த மாதிரி இருந்தது. யாரும் எதையும் திட்டவில்லை. எனக்குத் துடைக்கக்கூடப் பிடிக்கவில்லை. அவர் கித்தாரைக் காப்பாற்றிக்கொண்டார், நான் அவரை இழந்துவிட்டேன் என்று நினைத்திருந்தபோது ஒரு நாள் வந்து நின்றார். முடி அப்படியே இருந்தது. அடித்தட்டைக் காட்டி, "அத எடு" என்றார். முதல் பக்கத்தை முழுசாக நின்று கேட்டார்.

"மொத பக்கம் குப்பதான்லா" என்றார்.

"குப்பதான்" என்றேன்.

"ரெண்டாவது பக்கத்துல கடைசிப் பாட்டும் குப்ப."

"அது குப்ப இல்லண்ணே!" என்று நான் துணியைக் கீழே போட்டேன். அன்று கடை மூடும்வரை சண்டை போட்டோம். துடைக்கிற வேலையைப் பார் என்று அவர் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கடைசிப் பாட்டு விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி, கொஞ்சம் சர்க்கரை தூக்கல். மற்றவை நிற்கின்றன. இருபது வயதில் எனக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. மீதியைப் புரிந்துகொள்ள ஒரு வாடகை வீடும், தூங்காத ஒரு குழந்தையும், முதல் நரையும் தேவைப்பட்டன. தாடிக்காலத்துப் பாட்டுகளைப் பற்றி இன்னும் புத்தகமாக எழுதுகிறார்கள், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அது எழுதுகிறவர்களின் நஷ்டம்.

எண்பதுகளில் அண்ணன் மாற்றலாகி ஜொகூர் பக்கம் போய்விட்டார். தவுக்கே கண்ணை மூடிய பிறகு கடை கைமாறி, இன்று அங்கே கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. பாடாங் மேஹாவில் அந்த மண்டபம் இருந்த இடத்தில் செம்பனை மரங்கள் நிற்கின்றன. லயத்து மனிதர்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகள் காதிலும் ஆளுக்கொரு பாட்டு ஓடுகிறது. பக்கத்து இருக்கைப் பிள்ளை தலையை ஆட்டுகிறது. என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்டுச் சண்டை போடவும் வழியில்லை.