தேவராஜின் மொட்டைத் தலை

காலையில் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம். நம் சபையில் பாட்டு எடுக்கும் தேவராஜ், திருப்பதி மலையடிவாரம் அலிபிரியில் மொட்டைத் தலையோடு நிற்கிறான்.

கீழே யாரோ எழுதியிருந்தது: “மலைக்குப் போய் முடி கொடுத்துட்டான். ஞாயித்துக்கிழமை பாட விடாதீங்க.”

எழுத்துக்கூட்டி நானே படித்தேன். இந்த வயதில் படிக்க வந்துவிட்டதே என்ற சந்தோஷம் அத்தோடு போய்விட்டது.

நான் போன புத்தூர் பஸ்ஸில் அவனே ஏறினான். தலையில் துண்டு. பஸ்ஸில் இருந்த நம் சபை ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“முடி கொடுத்தியாப்பா?”

“கொடுத்தேன் நைனா. நேர்ந்துக்கினது எங்கம்மா. அவங்க இன்னும் கோவிந்தா கும்பிடறவங்கதான். நடக்க முடியாதுன்னு தூக்கிக்கினு போனேன். உன் முடியக் குடுடான்னு அழுதாங்க. அம்மாவுக்குத்தான் குடுத்தேன், சாமிக்கு இல்ல. தப்பா?”

“அது எனக்குத் தெரியலப்பா. சபையில நீயே சொல்லு, நான் கூட நிக்கிறேன்.”

“நீதான் நைனா மொதல்ல கேட்ட ஆளு.”

குறை இருந்தால் தனியாகப் போய்க் கேள் என்றார் ஆண்டவர். குரூப்பில் போடு என்றா சொன்னார்?

போனில் ஒரு விரலால் இதை எழுத எனக்குப் பாதி நாள் ஆயிற்று. வம்பையும் இப்படி மெதுவாகத்தான் எழுத வேண்டும் என்றால், பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். இல்லையா?