பிற்பகல் கையெழுத்து

டாக்டர்களுக்குப் புதிதாக எதையாவது கற்றுக்கொடுப்பது பேச்சாளரின் வேலை; அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை. புனேயில் ஒரு டாக்டர்கள் சங்கத்தின் அலுவலகத்தில் பதினேழு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே டாக்டராகத் தொழில் நடத்துகிறவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிகள் வேண்டுமென்றால் வகுப்புகளில் உட்கார வேண்டும். அந்த வகுப்புகளுக்கு ஹால் பிடிப்பது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, வாசலில் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்து கையெழுத்து வாங்குவது எல்லாம் நான்தான்.

நன்றாகப் படித்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலியில் உட்கார வைக்க முயன்று பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். ஆசிரியர் பயிற்சியோ பாங்க் பயிற்சியோ, எதை நடத்தியிருந்தாலும் சரி, நீங்களும் நம்ம ஆள்தான். கொஞ்சம் கேளுங்கள்.

பை

வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பை கொடுப்போம். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பேனா, அன்றைய பாடத்தின் சாரத்தை அச்சடித்த ஒரு தாள். முன்பெல்லாம் மருந்துக் கம்பெனி தயவில் குடையோ ஃபிளாஸ்கோ இருக்கும். பிறகு விதிகள் இறுகிவிட்டதால் பை இளைத்துப்போனது.

ஔந்த் பகுதியிலிருந்து வரும் தோல் டாக்டர் ஒருவர், பையை வாங்கியதும் கையில் தூக்கி எடை பார்ப்பார். அன்றும் பார்த்தார். உள்ளே கைவிட்டு அந்தத் தாளை மட்டும் வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டாக மடித்து என் மேசை மேலேயே வைத்தார். பிறகு மராத்தியில் என்னைக் கேட்டார்: “போன தடவை ஃபிளாஸ்க் கொடுத்தீங்க. இந்தத் தடவை வெறும் அறிவு மட்டும்தானா?”

வராத பேச்சாளர்

வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவம் ஒன்றைக் கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு பேச்சாளர் பெயருக்கும் எதிரே ‘சுமார்’, ‘நன்று’, ‘மிகச் சிறப்பு’ என்று மூன்று கட்டங்கள். ஒருமுறை மும்பையிலிருந்து வர வேண்டிய சிறுநீரக நிபுணர் வரவில்லை. தேநீர் இடைவேளையை நீட்டி ஒப்பேற்றினோம். ஆனால் படிவத்தில் அவர் பெயரை முன்பே அச்சடித்துவிட்டோம். திரும்பி வந்த படிவங்களைப் பார்த்தால், வராத மனிதர் ‘மிகச் சிறப்பு’ வாங்கியிருந்தார், அதுவும் வந்தவர்களைவிட அதிகமாக.

நான் அதையெல்லாம் எண்ணி, ஃபைலில் போட்டு மேலே அனுப்பினேன். அன்று சிரிப்பாக இருந்தது. இன்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அப்படி நிரப்பியவர்களில் ஒருவரான குழந்தை நல டாக்டரிடம், அவர் வரவே இல்லையே சார் என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: “நேரத்தை மீறலை, யாரையும் தூங்க வைக்கலை. வேற என்ன வேணும்?”

ஸ்டூல்

கோந்த்வாவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஷபானா எல்லா வகுப்புக்கும் முதல் ஆளாக வருவார். எழுந்து கேள்வி கேட்பார். அதனாலேயே பலருக்கு அவரைப் பிடிக்காது, சாப்பாடு ஆறிவிடுமே. ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் ஒருவர், ஒரு நோயாளி வந்தால் வரிசையாகச் செய்ய வேண்டிய ஒன்பது சோதனைகளைத் திரையில் காட்டினார். ஷபானா எழுந்து, “சார், இதில் ஒன்றுகூட என் கிளினிக்கில் கிடையாது. நான் முதலில் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். நிபுணர், “பெரிய இடத்துக்கு அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் ஷபானா வாசலுக்கு வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு நின்றார். கோபமாகத் தெரியவில்லை, களைப்பாகத் தெரிந்தார். ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: “என் கிளினிக்கில் எனக்கு ஒரு நாற்காலி, பேஷன்ட்டுக்கு ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி இங்கே யாராவது பேசுவாங்களா, அண்ணா?”

இரண்டு கட்டம்

ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. காலையில் ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கையெழுத்து. வேண்டியவர்களென்றால் காலையிலேயே இரண்டையும் போட்டுவிட்டுப் போகச் சொல்வேன். யாரும் இதற்காக எனக்கு எதுவும் கொடுத்ததில்லை. பெரிய மனிதர்களுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கோட்போலே போபோடியில் எங்கள் சந்து முனையில் கிளினிக் வைத்திருப்பவர். முப்பது வருடமாக எங்கள் தெருத் தமிழர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து, கிளினிக் அளவுக்குத் தமிழ் வைத்திருந்தார். நாக்கு காட்டு, மூச்சு இழு, எத்தனை நாள் ஆச்சு. எல்லாரையும் நீ என்பார், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வகுப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலிக்காமலே வரும் மாரடைப்பைப் பற்றியது. மழைக்காலம், ஊரெல்லாம் காய்ச்சல், கிளினிக் வாசல் பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே ரிஜிஸ்டரைத் திருப்பி, “டாக்டர், பிற்பகல் கட்டத்திலேயும் போட்டுட்டுப் போங்க” என்றேன். அவர் தயங்கினார். பலகையில் எழுதியிருந்த தலைப்பை ஒருமுறை பார்த்தார். நான் பேனாவை நீட்டியபடியே இருந்தேன். வாங்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: “சரி, செல்வின். நீ கேளு. நாளைக்கு எனக்கு சொல்லு.”

பின்பக்கம்

நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ஸ்ரீகண்ட் இனிப்பு பத்தவில்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் நானும் மெர்சி அக்காவும்தான். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவாள். சர்ச்சில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள். வகுப்பில் மிச்சமாகும் தாள்களை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில்தான் அக்கா பாடக் குறிப்பு எழுதுவாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, மேல்வயிறு எரிகிறது என்றாள். நைட்டியெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. தானே நடந்து கோட்போலேயிடம் போய்விட்டு வந்தாள். நான் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பதினொன்றரைக்கு ஆபீஸில் இருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் போனபின் அவளுடைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக எழுதிய குறிப்பு, பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள். தாளைத் திருப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாள். ‘சர்க்கரை நோயாளி மேல்வயிற்று எரிச்சலும் வேர்வையுமாக வந்தால், வாயு என்று முடிவு கட்டுவதற்கு முன் இ.சி.ஜி. எடுக்கவும்’ என்று இங்கிலீஷில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் இருந்தது. மூன்று வாரமாக அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: “வயித்துல கேஸ்தானாம்ல. மாத்திரை குடுத்திருக்காரு. நீ ஏன் நிக்க? ஆபீஸுக்குப் போ.”

திறக்காத பை

தாளை எடுத்துக்கொண்டு கோட்போலேயின் கிளினிக்குக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியிலேயே மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். பெஞ்சில் எனக்கு முன்னால் நாலு பேர். அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்வர, நான் அடுக்கியதெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்துபோனது. என் முறை வந்தபோது தாளை மேசையில் வைத்து, “அன்னைக்கு உங்களைப் போகச் சொன்னது நான்தான், டாக்டர்” என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தாளைத் திருப்பி, அக்கா எழுதியிருந்ததைப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இது அன்று எல்லாருக்கும் கொடுத்ததா என்று கேட்டார். ஆமாம், பைக்குள் இருந்தது என்றேன். வெளியே யாரோ இருமினார்கள். அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார்: “பை வீட்டில இருக்கு, செல்வின். இன்னும் திறக்கலை.”

செயலாளர் கேட்டது

மறுவாரம் சங்கச் செயலாளரிடம் போய், இரண்டு கையெழுத்து விவகாரத்தை நானே சொன்னேன். வேலை போகும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். போகவில்லை. அந்த வழக்கத்தைத் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தவர்களில் அவரும் ஒருவர். டாக்டர் ஷபானாவையும் கூட அழைத்துப்போயிருந்தேன். நாங்கள் கேட்டது பெரிய காரியமில்லை. வகுப்பு முடிந்தபிறகு ஒரே கையெழுத்து. திரையில் காட்டுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதி நேரத்தில் டாக்டர்கள் தங்கள் கிளினிக்கில் கைதவறிப் போன ஒன்றை, நோயாளியின் பெயரைச் சொல்லாமல், எழுந்து சொல்ல வேண்டும். அடுத்தமுறை என்ன செய்வது என்று எல்லாருமாகப் பேச வேண்டும்.

செயலாளர் அறுவை சிகிச்சை நிபுணர், அதிகம் பேச மாட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்ததை இரண்டுதரம் படித்தார். அப்புறம் ஷபானாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “கையெழுத்தைக் கடைசியில் வாங்கிடலாம். ஆனா தன் தப்பை மைக்கில் சொல்றதுக்கு எந்த டாக்டர் வருவான்னு நினைக்கிறே?”

கடைசி வரிசை

புது முறையில் நடந்த முதல் வகுப்புக்கு ஹாலில் பாதி கூட நிறையவில்லை. சாங்வியில் அதே நாளில் வேறு யாரோ பழைய முறையிலேயே ஒரு வகுப்பு நடத்தினார்கள், அங்கே நல்ல கூட்டம் என்று கேள்வி. இதய நிபுணர் சுருக்கமாகப் பேசி முடித்தார். நடுவில் மைக்கை வைத்தேன். யாரும் எழவில்லை. ஆளாளுக்குப் போனைப் பார்த்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார். இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து கோட்போலே எழுந்து வந்தார். மராத்தியில் பேசினார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், வெகுநாளாகச் சர்க்கரை, மேல்வயிற்று எரிச்சல், வேர்வை. தான் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியது. அவள் அன்றைக்கே இறந்தது. “இதைப் பற்றிய வகுப்புக்குத்தான் நான் வந்திருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனேன்” என்றார். போகச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. அது மெர்சி அக்கா என்று அந்த ஹாலில் தெரிந்தவர்கள் நாங்கள் இருவரும்தான். நான் ரிஜிஸ்டரால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு ஷபானா எழுந்து, “சார், என்னிடமும் இ.சி.ஜி. மெஷின் இல்லை. நாளைக்கு அப்படி ஒருத்தர் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தால் நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். இந்தமுறை இதய நிபுணர் அடுத்த படத்துக்குப் போகவில்லை. மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தப் பேட்டையில் எந்த லேபில் இ.சி.ஜி. எடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பார்களா, ஆட்டோவில் துணைக்கு யாரை ஏற்றி அனுப்புவது, எடுத்த இ.சி.ஜி.யைப் போனில் படம் பிடித்து யாருக்கு அனுப்பலாம் என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். நிபுணர் தன் சொந்த நம்பரைக் கொடுத்தார். உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை. அக்கா சாகாமலே இதெல்லாம் நடந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதும் போகவில்லை, இப்போதும் போகவில்லை.

எல்லாரும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். கோட்போலே கடைசியாக வந்தார். நான் பேனாவை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. ரிஜிஸ்டரை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். தன் கிளினிக் தமிழில் சொன்னார்: “வேண்டாம், செல்வின். இதுக்குக் கையெழுத்து அன்னிக்கே போட்டாச்சு. நான் இன்னிக்குதான் உட்கார்ந்தேன்.”

பதினேழு வருட ரிஜிஸ்டரில் பொய்யே இல்லாத கட்டம் எது என்று யாராவது கேட்டால், கோட்போலே பெயருக்கு எதிரே காலியாகக் கிடக்கும் அந்த ஒரு கட்டத்தைத்தான் என்னால் தைரியமாகக் காட்ட முடியும்.