கயிறு கட்டி இழுக்காதீங்க!

பட்டுக்கோட்டை மண்டிக்குத் தேங்காய் ஏற்றிப் போகும்போது என் ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப் வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. உதவிக்கு வந்த கொழுந்தன், "நியூட்ரல்ல போடுங்க அண்ணி, டிராக்டர்ல இழுத்துடலாம்" என்று கயிறும் கட்டிவிட்டார். கையால் கியர் மாற்றும் பழைய வண்டியை அப்படித்தான் இழுப்போம். எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன்.

"ஐயோ, இழுக்காதீங்க மேடம்! இன்ஜின் ஓடினாத்தான் கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் சுத்தும். சும்மா இழுத்தா உள்ள எல்லாம் தேஞ்சு கருகிடும்" என்றார்கள்.

டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் முன்னால் நின்று மறித்தேன். கொழுந்தன் முறைத்தார், நான் நகரவில்லை. பிக்கப்பை லாரியில் ஏற்றித்தான் அனுப்பினேன்.

கியர்பாக்ஸுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அந்தக் கயிற்றை இப்போது வண்டியில் வைப்பதே இல்லை. அதில் எங்கள் எருமையைக் கட்டியிருக்கிறேன். இழுப்பதென்றால் அது இழுக்கட்டும்.